குன்னூர் வழியில் ஒரு பூட்டு விசாரம்

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 மணிக்குப் புறப்படும் மலை ரெயிலைப் பிடிப்பதற்காகப் பொழுது விடியுமுன்பே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்துவிட்ட நானும் என் தங்கை மகனும், இரவு வண்டியில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய பிரயாணிகளின் கூட்டத்தோடு பிளாட்பாரத்தின் முன்கோடி வரையில் எஞ்சினைத் தேடிக்கொண்டு போனோம். எஞ்சினோ வண்டியின் வால்பக்கத்தில், ஊர்வலத்தில் பின்தங்கிவிட்ட பெரியவரைப்போல, நிதானமாகப் புகைவிட்டுக்கொண்டு நின்றது. இந்த மலைக்கு ஏறும் வண்டியை முன்னால் நின்று இழுப்பது வழக்கமில்லை. சரிவில் எங்கேனும் ஒரு கொக்கி அறுந்துவிட்டால் பெட்டிகள் பள்ளத்தை நோக்கி உருண்டோடாதபடி, கீழே நின்று முதுகு கொடுத்துத் தள்ளுவதே எஞ்சினுக்கு விதிக்கப்பட்ட காரியம்.

என் தங்கை மகனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் அவன், ஆபீஸ் நேரம் போக எஞ்சிய இரவுகளை இரண்டு வருஷங்களாக ஒரே காரியத்தில் செலவிட்டு வருகிறான். ஜாவாஸ்கிரிப்ட் என்ற வலைமொழிக்கு, ஒரே சமயத்தில் பல இழைகளில் ஓடக்கூடிய ரன்டைம் ஒன்றைத் தானே எழுதிவிட வேண்டும் என்பது அவனுடைய சங்கல்பம். கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்துவிட்டதைப் பார்த்து மனம் பொறாத என் தங்கை, "அண்ணா, இவனை எங்கேயாவது குளிர்ச்சியான ஊருக்கு நாலு நாள் அழைச்சிண்டு போயேன்" என்று என்னிடம் ஒப்படைத்தாள். அழைத்துக்கொண்டு வந்தேன், அவன் லாப்டாப்பை அழைத்துக்கொண்டு வந்தான்.

ரன்டைம் என்பது இன்னதென்று எனக்கு அவன் புரியவைத்த விதம் இது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் இலையில் விழுவதை மட்டுந்தான் பார்க்கிறார்கள். அடுப்பு மூட்டுவது, பாத்திரம் எடுத்துக் கொடுப்பது, கொதிப்பதைக் கிளறுவது, எச்சிலிலையை எடுத்துச் சுத்தம் பண்ணுவது ஆகிய அவ்வளவும் கொட்டகைக்குப் பின்னால் நடக்கிறது. நிரல் எழுதுகிறவன் பந்தியில் இருப்பவன். அவன் எழுதியதைப் படித்து, அர்த்தம் கண்டு, நினைவகத்தில் இடம் ஒதுக்கி, உபயோகம் தீர்ந்ததும் அந்த இடத்தைக் கூட்டித் துடைத்து வைக்கிற சமையற்கட்டுத்தான் ரன்டைம். ஜாவாஸ்கிரிப்டின் சமையற்கட்டில் விசேஷம் என்னவென்றால், அங்கே ஆதிமுதல் ஒரே ஒரு சமையற்காரன்தான்; இழை என்று இவர்கள் சொல்வது அவனைத்தான்.

1995-ஆம் வருஷம் மே மாதத்தில் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் அந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார் என்பது அந்தத் துறையில் புராணம் போல் வழங்கும் சரித்திரம். பத்து நாள் அவசரத்தில் அமைந்த பல விஷயங்களைப் பிற்காலத்தார் குறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒற்றை ஆள் ஏற்பாட்டை நான் குறையாகக் கொள்ளமாட்டேன். எடுத்த காரியத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குத் திரும்புவான் என்ற நிச்சயம் இருப்பதால், தான் பாதி கிளறிய பாத்திரத்தில் வேறொருவன் உப்பைப் போட்டுவிடுவானோ என்ற பயம் நிரல் எழுதுகிறவனுக்கு இல்லை. 2009-ல் ரையன் டால் என்பவர் இதே ஒற்றை ஆளை உலாவியிலிருந்து வெளியே அழைத்து வந்து, நோட் என்ற பெயரில் சர்வர்களை நடத்தும் உத்தியோகத்தில் அமர்த்தினார். அங்கேயும் முன்கட்டில் நிற்பவன் ஒருவன்தான். கோப்புகளைப் படிப்பது போன்ற தாமத வேலைகளுக்காகப் பின்கட்டில் நாலு எடுபிடிகளை வைத்துக்கொண்டான், அவ்வளவே.

"அப்படியிருக்க உனக்கு ஏனப்பா இந்த வம்பு?" என்று கேட்டேன்.

"மாமா, என் லாப்டாப்பிலேயே எட்டு அடுப்பு இருக்கு. ஒண்ணுதான் எரியுது. மீதி ஏழும் சும்மா கிடக்கறதைப் பார்த்தா வயிறு எரியுது" என்றான்.

கல்லாறு வரையில் வண்டி பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமதளத்தில் சாதாரண ரெயிலாகத்தான் ஓடுகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு மத்தியில் பற்கள் வெட்டிய இரும்புச் சட்டம் ஒன்று தோன்றி, எஞ்சினின் அடியிலிருக்கும் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொள்ள, கடகடவென்று உடம்பு முழுவதும் அதிரும்படியான ஒரு குலுக்கலோடு ஏற்றம் ஆரம்பமாகிறது. சட்டம் ஒன்று என்று சொன்னது பிழை. இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்துப் பொருத்தப்பட்டு, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வரும்படி இடம் மாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. சக்கரம் எந்த நிலையில் இருந்தாலும் ஒரு பல்லாவது பிடியில் இருக்க வேண்டும் என்பதற்காக ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் கண்ட உபாயம் அது. பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி உயர்கிற சரிவு. குன்னூர் வரையில் சுமார் 20 கிலோமீட்டர் தூரம் இந்தப் பற்களின் தயவில்தான் பிரயாணம். 1854-லேயே யோசனை பிறந்தும் 1891-ல்தான் வேலை தொடங்கியது. 1899-ல் குன்னூரையும் 1908-ல் உதகையையும் எட்டிய 46 கிலோமீட்டர் பாதையில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. குரங்குகள் ஜன்னல்களைச் சோதனை போட்டுக்கொண்டு வந்தன. அந்தச் சிறு ஸ்டேஷனைப் பார்த்ததும் எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வந்துவிட்டது.

அவர் காவிரிப் படுகையில் ஒரு சின்ன மீட்டர்கேஜ் ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தார். ஒற்றைப் பாதை. அவருடைய அறையில் சிவப்புப் பூச்சுக் கொண்ட கனத்த இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. அடுத்த ஸ்டேஷனிலும் அதைப்போலவே ஒன்று இருக்கும். இரண்டையும் கம்பி இணைத்திருந்தது. வண்டி ஒன்றை அனுப்ப வேண்டுமானால் அப்பா மணியடித்து அடுத்த ஊர் மாஸ்டரிடம் அனுமதி கேட்பார். அவர் அங்கே கைப்பிடியைத் திருப்பிச் சம்மதித்தால்தான் இங்கே பெட்டியிலிருந்து ஓர் இரும்பு உருண்டை வெளியே உருண்டு வரும். டோக்கன் என்று அதற்குப் பெயர். ஓர் உருண்டை வெளியே இருக்கும் வரையில் இரண்டு பெட்டிகளும் இன்னொன்றைக் கக்கா. அந்த உருண்டையைத் தோல்பையில் இட்டு, பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடுகிற வண்டியின் எஞ்சினிலிருந்து கையை நீட்டுகிற ஆளிடம் எங்கள் போர்ட்டர் கொடுப்பதை நான் எத்தனையோ தடவை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். உருண்டை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பாதை சொந்தம். ஒரு சமயம் ஒரு டிரைவர் உருண்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்து அடுத்த ஊருக்கே கொண்டுபோய்விட, அது திரும்பி வரும் வரையில் எங்கள் பகுதியில் ஒரு வண்டியும் நகரவில்லை. அன்று முழுவதும் அப்பா காபி கூடக் குடிக்கவில்லை.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, நான் ரெண்டு வருஷமா எழுதறது இந்த உருண்டையைத்தான்!"

அவன் சொன்ன பிறகுதான் தெரிந்தது, இது வெறும் உவமையும் அன்று என்பது. 1960-களின் தொடக்கத்தில் ஹாலந்து தேசத்து எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, பல காரியங்கள் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளாமல் காக்கும் சாதனத்துக்கு ரெயில்வேயின் கைகாட்டி மரத்தின் பெயரையே வைத்து செமஃபோர் என்று அழைத்தாராம். இன்றைக்குக் கம்ப்யூட்டர்க்காரர்கள் 'லாக்' என்று சொல்லும் பூட்டு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அப்பா இருந்திருந்தால் அன்றைய காபிக்கு ஓர் அர்த்தம் கிடைத்திருக்கும்.

ரன்னிமேட்டைக் கடந்து குகைக்குள் போய் வருகிற வெளிச்சத்தையும் இருட்டையும் பொருட்படுத்தாமல், பூட்டு எதற்கு வேண்டியிருக்கிறது என்பதை அவன் விளக்கத் தொடங்கினான். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பொருள் என்பது பெயரெழுதிய அறைகளைக் கொண்ட அஞ்சறைப்பெட்டி. சாதாரண அஞ்சறைப்பெட்டிக்கும் இதற்கும் பேதம், சமையல் நடந்துகொண்டிருக்கும்போதே புதிதாக ஓர் அறையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது. அறைகள் நிறைந்துவிட்டால் ரன்டைம் பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, பழையதிலிருப்பதை அதில் மாற்றிவிட்டு, இனி இதுதான் பெட்டி என்று இடத்தைக் குறித்துவிடுகிறது. ஒரு சமையற்காரன் இருக்கும் வரையில் இதில் ஆபத்து ஒன்றுமில்லை. இரண்டு பேர் இருந்தால், ஒருவன் பெரிய பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கும் அதே க்ஷணத்தில் மற்றவன் பழைய பெட்டியில் கடுகைக் கொட்டிவிட்டுப் போவான். மாற்றி முடிந்ததும் பழைய பெட்டி குப்பைக்குப் போகும். கடுகும் அதோடு போகும். யாரும் தப்புச் செய்யவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, கடுகைக் காணோம்.

இதற்கு உலகம் கண்ட பரிகாரங்கள் பல. சமையற்கட்டு முழுவதற்கும் ஒரே பூட்டுப் போட்டு, சாவி வைத்திருப்பவன் மட்டுமே உள்ளே போகலாம் என்பது பைத்தான் மொழியின் பழைய சம்பிரதாயம். நம் தமிழிலேயே நிரல் எழுதுவதற்காக முத்து அண்ணாமலை செய்து 2009-ல் வெளியிட்ட 'எழில்' என்ற மொழி பைத்தானின் மேல் கட்டப்பட்டதாகையால், 'பதிப்பி' என்று தமிழில் ஆணையிட்டாலும் அந்த ஆணையும் அதே சாவிக்காகத்தான் வரிசையில் நிற்க நேர்ந்தது. அந்தப் பூட்டை அகற்றச் சாம் கிராஸ் என்பவர் எழுதிய திட்டம் 2023-ல் ஏற்கப்பட்டு, 2024 அக்டோபரில் வந்த 3.13-ஆம் பதிப்பில்தான் பூட்டில்லாத பைத்தான் பரீட்சார்த்தமாக வெளியாயிற்று. பி.எச்.பி.யோ சத்திரத்துச் சாப்பாடு: வருகிற ஒவ்வொருவருக்கும் புது இலை, புது அடுப்பு; சாப்பிட்டானதும் எல்லாவற்றையும் வழித்தெறிந்துவிட்டு அடுத்தவருக்கு மறுபடி ஆரம்பம். பகிர்ந்துகொள்வது எதுவுமில்லாததால் சண்டையுமில்லை.

ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் தனித்தனிச் சமையற்கட்டுகளைக் கட்டிக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றதற்குப் பதார்த்தத்தைப் பிரதியெடுத்து அனுப்பும் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். 'வொர்க்கர்' என்று அதற்குப் பெயர். பிறகு 2017-ஆம் வருஷத்து விதிமுறையில் எல்லாக் கட்டுகளுக்கும் பொதுவாக ஒரு கிணறு வெட்டப்பட்டது; ஆனால் கிணற்றில் தண்ணீர்தான் கிடைக்கும், சாம்பார் கிடைக்காது. வெறும் எண்களை அதில் பகிரலாமே தவிர, அஞ்சறைப்பெட்டியை அப்படியே தூக்கி வைக்க முடியாது. அந்தக் கிணறும் மறு வருஷம் ஜனவரியிலேயே மூடப்பட்டது. ஸ்பெக்டர் என்ற பெயரில் சில்லுகளின் அந்தரங்கமான பலவீனம் ஒன்று அப்போது வெளிப்பட்டது. ஓர் இழை பொதுக் கிணற்றில் இடைவிடாமல் எண்ணிக்கொண்டே இருந்தால் அதுவே மிக நுட்பமான கடிகாரமாகிவிடும், அந்தக் கடிகாரத்தைக்கொண்டு அடுத்த வீட்டு ரகசியத்தை அளந்துவிடலாம் என்று உலாவி செய்கிறவர்கள் அஞ்சினார்கள். வேலி கட்டிய பிறகே கிணற்றை மறுபடியும் திறந்தார்கள்.

என் தங்கை மகனுக்கு வேண்டியது தனிக் கட்டும் அல்ல, பொதுக் கிணறும் அல்ல. ஒரே சமையற்கட்டில் எட்டுப் பேரும் ஒரே அஞ்சறைப்பெட்டியில் கை வைக்க வேண்டும், கடுகும் தொலையக்கூடாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பூட்டுப் போட்டால் போகிறது என்று நினைத்தேன். அப்படிப் போட்டால், யாருமே இல்லாத வீட்டிலும் ஒவ்வோர் அறைக்கதவையும் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஓர் ஆள் மட்டும் வேலை செய்யும் சாதாரண நிரல்கூட அந்தத் தட்டலிலேயே களைத்துப்போகும். வெப்கிட் என்ற உலாவி எஞ்சினில் பணிபுரிந்த பிலிப் பிட்ஸ்லோ 2017-ல் விரிவாக எழுதிய யோசனையிலிருந்து இவன் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறான்: எந்த இழை பெட்டியைச் செய்ததோ அதன் அடையாளத்தைப் பெட்டியின்மேல் பொறித்துவிடுவது; சொந்தக்காரன் தொட்டால் கேள்வி இல்லை; அயலான் எழுத வந்தால் அப்போது அடையாளத்தை மாற்றி, அன்றுமுதல் எல்லாரும் முறைப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆக்குவது. பிறந்த வீட்டை விட்டு வெளியே போகாத பெட்டிகளே பெரும்பான்மை என்பதால் இந்த யுக்தி பலிக்கிறது. நிரல் எழுதுகிறவனுக்கு இதில் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. கஷ்டம் காணாமல் போய்விடவில்லை. பந்தியில் இருந்தவன் தலையிலிருந்து இறக்கிக் கொல்லைப்புறத்தில் இருப்பவன் தலையில் ஏற்றியாயிற்று. என் தங்கை மகனின் கருவளையங்களுக்கு அதுதான் காரணம் என்று எனக்கு அப்போது விளங்கியது.

குன்னூரில் இறங்கிவிட்டோம். நீராவி எஞ்சின் அங்கே விடைபெற்று, டீசல் எஞ்சின் வந்து வண்டியை ஏற்றுக்கொண்டு போயிற்று. ஊருக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அலுவலராக இருக்கும் என் பழைய நண்பர் ஜீப் அனுப்பியிருந்தார்.

புரட்டாசி மாதத்து இளவெயிலில் சரிவு முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலிருந்த தோட்டத்தில், இடுப்பில் சாக்குக் கட்டிய பெண்கள் ஆளுக்கொரு நிரையாகப் பிடித்துக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் விரலால் கிள்ளினார்கள். சிலர் தட்டு பொருத்திய கத்திரியால் நறுக்கினார்கள். ஒருத்தியின் நிரையில் மற்றொருத்தி கை வைக்கவில்லை. பேச்சும் சிரிப்பும் மட்டும் நிரைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. "பூட்டே இல்லாம எத்தனை கை பாருங்க மாமா" என்றான் பையன். உண்மைதான். ஆனால் மத்தியானம் விசில் ஊதியதும் அத்தனை பேரும் மூட்டையோடு வந்து சேர்ந்தது ஒரே தராசுக்கு. மேஸ்திரி மூட்டையை மாட்ட, எண் மினுங்கி நிலைபெற, கணக்கர் பெயருக்கு நேரே எழுத, அடுத்த மூட்டை. வரிசை வளைந்து வளைந்து தேயிலைச் செடிகளுக்குள் போயிற்று. காரியத்தில் பத்தில் ஒரு பங்கு ஒரே கையால்தான் நடக்க வேண்டும் என்றிருந்தால், எத்தனை கைகளைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்குக்குமேல் போகாது என்ற கணக்கை ஜீன் ஆம்தால் என்பவர் 1967-ல் சொன்னார். எங்கள் முன்னால் அதைத் தராசு சொல்லிக்கொண்டிருந்தது.

தராசு ஓய்ந்தும் கணக்கர் புஸ்தகத்தை மூடவில்லை. எதிர்ச் சரிவின் பள்ளத்தில் ஒரு மூதாட்டி இன்னும் ஏறி வந்துகொண்டிருந்தாள். அவள் வரும் வரையில் கணக்கை முடிக்க முடியாது. லாரி புறப்பட முடியாது. சாக்கில் அடைந்து கிடக்கிற கொழுந்து சூடேறி வெந்துபோகும் என்று மேஸ்திரி முணுமுணுத்தார். தங்கை மகன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். அவனுடைய ரன்டைமில் குப்பை கூட்டும் வேளை வந்தால், எல்லா இழைகளும் கையிலிருப்பதை ஒழுங்காக வைத்துவிட்டுக் குறித்த இடத்தில் நிற்க வேண்டும். அதற்குச் 'சேஃப் பாயிண்ட்' என்று பெயராம். ஏழு இழைகள் நின்றுவிட்டாலும், எட்டாவது ஒன்று நீண்ட சுழற்சி ஒன்றில் புகுந்துகொண்டு திரும்பிப் பாராமல் ஓடினால், ஏழும் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். சுழற்சிக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி விசில் ஊதுகிறதா என்று பார்க்கும்படி ஒவ்வோர் இழையையும் அவன் பழக்கியிருந்தான். பாட்டி தராசடிக்கு வந்ததும், "காது சரியாக் கேக்கலே சாமி, பக்கத்து நிரையைப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

மாலையில் பஸ் ஏறி, வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டே உதகை போய்ச் சேர்ந்தோம். குளிர் எலும்பைத் தொட்டது.

அன்றிரவு லாட்ஜ் அறையில் அவன் ஒரு சோதனையை ஓடவிட்டுவிட்டுப் படுத்தான். நாலு இழைகள் ஒரே பெட்டியில் இடைவிடாமல் புதுப் பெயர்களை எழுதும். ஐந்தாவது இழை ஓயாமல் அதைப் படிக்கும். கண்ணில் பட்ட எந்தப் பெயருக்கும் அதன் மதிப்பு உள்ளே இருக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. கோயம்புத்தூரில் ஆபீஸ் மேஜைமேல் உள்ள கம்ப்யூட்டரில் இதே சோதனை மூன்று வாரம் பழுதின்றி ஓடியிருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால், ராத்திரி முழுவதும் ஓடிய லக்ஷக்கணக்கான சுற்றுகளில் ஒரே ஒரு சுற்றில் பெயர் இருக்கிறது, மதிப்பு இல்லை. பல் துலக்காமல் உட்கார்ந்துவிட்டான். எங்கே தவறுகிறது என்று அறிய நடுவில் ஒரு பதிப்பி வரியைப் போட்டால் பிழை மறைந்துவிடுகிறது, எடுத்தால் வருகிறது. அச்சிடும் காரியத்துக்கும் உள்ளுக்குள் ஒரு பூட்டு உண்டாகையால், அது எல்லாரையும் ஒழுங்குபடுத்திவிட்டுப் போகிறதாம். மாமனார் வந்திருக்கிற நாளில் மட்டும் சமர்த்தாக இருக்கும் பிள்ளையை யார் கண்டிப்பது?

அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காணச் சகியாமல் ஓர் ஆட்டோ பிடித்து முத்தோரைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மலைச்சரிவில் வடக்குத் தெற்காக அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிற ரேடியோ தொலைநோக்கியை நான் பார்த்து வெகு காலமாயிற்று. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் குழுவினரும் 1970-ல் கட்டி முடித்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பூமி சுழலுவதை அனுசரித்து வானத்துப் பொருளைத் தொடர்ந்து செல்ல வேண்டுமானால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைய வேண்டும். அதாவது அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமான கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டும். அவ்வளவு பிரம்மாண்டமான இரும்பைச் சாய்த்து நிறுத்தத் தூண் கட்டுவதைவிட, அட்சரேகையும் சரிவும் ஒன்றாகவே 11 டிகிரி இருக்கிற ஒரு மலையைத் தேடிப் பிடித்து, அதன் முதுகில் கிடத்திவிட்டார்கள். இனி ஒரே ஒரு திருப்பம் போதும். மணிக்கணக்கில் நக்ஷத்திரத்தைப் பின்தொடரலாம்.

சாலையோரத்திலிருந்து அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று கேட்டான்: "மாமா, கிரகப்பிரவேசப் பத்திரிகையை எப்ப தபால்ல போடுவாங்க?"

"கூரை போட்டப்புறம்."

"நானும் கூரை போட்டப்புறந்தான் போடறேன். ஆனா தபால்காரன் முன்னாடி போய்ச் சேர்ந்துடறான்."

அவன் பெரிய பெட்டிக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அதன் பிறகே புது இடத்தைக் குறிக்கிறான். எழுதிய வரிசை சரிதான். ஆபீஸிலுள்ள இன்டெல் வகைச் சில்லு, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அதே வரிசையில்தான் காணும்படி பார்த்துக்கொள்ளும். லாப்டாப்பில் இருப்பது ஏ.ஆர்.எம். வகைச் சில்லு, அது தன் சௌகரியத்தை உத்தேசித்து வரிசையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் படைத்தது. ஆகவே, புது இடத்தின் விலாசம் மற்ற இழைக்கு முதலில் தெரிந்து, உள்ளே சாமான் வந்து சேர்ந்தது பிறகு தெரிகிற ஓர் அபூர்வ க்ஷணம் உண்டாகிவிடுகிறது. விருந்தாளி பத்திரிகையோடு வந்து நிற்கிறார், கூரை இல்லை. முந்தியதெல்லாம் முடிந்தாலொழியப் பத்திரிகையைத் தபாலில் சேர்க்காதே என்று சில்லுக்கு உத்தரவிடும் ஒரு சொல்லை அந்த வரியில் சேர்த்தால் தீர்ந்தது. ஆட்டோவில் வரும்போதே மடியில் வைத்து அதைச் சேர்த்துவிட்டான். ஒரு சொல். இரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் வரிகள் எழுதியிருப்பான் என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் 2 மணி வண்டியில் கீழே இறங்கினோம். இறங்கும்போது எஞ்சினுக்கு வேலை பிடித்து நிறுத்துவதுதான். அதோடு ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியும் கையுமாக உட்கார்ந்து, விசில் சத்தத்துக்கு ஏற்பத் தம் பெட்டியின் பிரேக்கை இறுக்கியும் தளர்த்தியும் வருகிறார். எங்கள் பெட்டியின் பிரேக்ஸ்மேன் நரைமீசைக்காரர், சங்கோசமில்லாமல் பேசினார். குகைக்குள் விசில் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று பையன் அவரைக் கேட்டான்.

"முன்பெட்டிக்காரன் கொடியைப் பாப்பேன் தம்பி."

"அதுவும் தெரியலேன்னா?"

"இறுக்கிப் பிடிச்சுக்குவேன். வண்டி நின்னா ஒருத்தனும் என்னைக் கேக்கமாட்டான்."

பையன் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை. சோதனை மறுபடியும் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. குன்னூரில் எஞ்சின் மாறும்போது பிழை பூஜ்யம், ஹில்குரோவில் பூஜ்யம், கல்லாற்றில் பற்சட்டம் முடிந்து அதிர்வு அடங்கிய இடத்திலும் பூஜ்யம். மேட்டுப்பாளையத்தில் இருட்டிவிட்டது. கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது, லாப்டாப்பை மூடிப் பைக்குள் வை என்றேன்.

"மூடினா தூங்கிடும் மாமா. இன்னும் ஒரு ராத்திரி ஓடட்டும்" என்று சொல்லி, திறந்த லாப்டாப்பை ஆரத்தித் தட்டைப்போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கூட்டத்தில் யார் மேலும் படாமல் பிளாட்பாரத்தில் நடந்தான். நான் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.